சுவருக்கு நடுவே ஒரு காலி

சிவகாசி உப்புக்கிணற்றுச் சந்து எவ்வளவு ஒடுக்கம் என்றால், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் யாராவது ஒருவர் மரியாதைக்கு உள்ளே போய்விட்டுத் திரும்ப வர வேண்டும், ஐயனார் தன் ஆட்டோவை முன்பக்கமாக உள்ளே கொண்டுவந்தால் பின்பக்கமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும், யாராவது இறந்துபோனால் பாடையைச் சாய்த்துப் பிடித்துத்தான் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிப்போக வேண்டும், அப்படிச் சாய்க்கும்போது பிணமே கையை நீட்டிப் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டதாக அந்தச் சந்தில் ஒரு பேச்சு உண்டு, அதை யாரும் பெரிய அதிசயமாகச் சொல்வதில்லை. இடம் இல்லாத ஊரில் பிணமும் எதையாவது பிடித்துக்கொண்டுதானே போக வேண்டும்.

அந்தச் சந்தின் நடுவில், ஒரே வீட்டை இரண்டாக வகிர்ந்து நடுவில் சுவர் வைத்த வீட்டின் மேற்குப் பாதியில் இருந்தாள் ராஜகனி. முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, பூப்பு நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் புருஷன் தவசிமணி ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். கிழக்குப் பாதியில் தவசிமணியின் அண்ணன் தங்கேஸ்வரனும் அவர் மனைவி செண்பகவடிவும் மகன் ஜெகதீஷும் இருந்தார்கள். சுவர் எழுப்பியபோது அது அரை அடி தன் பக்கம் வந்துவிட்டது என்று ராஜகனி சொன்னாள், இல்லை, அரை அடி தன் பக்கம்தான் வந்துவிட்டது என்று செண்பகவடிவு சொன்னாள், அன்றைக்கு நின்றுபோன பேச்சு அதற்கப்புறம் பல தீபாவளிகள் வந்துபோயும் திரும்பவில்லை. ஆண்கள் இருவரும் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பெண்கள் இருவரும் ஒருத்தி வீட்டுக் குக்கர் விசிலை இன்னொருத்தி எண்ணிக்கொண்டு அந்தந்தப் பாதியில் இருந்தார்கள்.

ஒரு வைகாசி மாதம், முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரம், யாரோ ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ராஜகனியின் கம்ப்யூட்டரில் இருந்த மாப்பிள்ளைகள் பெயரையெல்லாம் கட்டம் கட்டமாக ஆக்கிவிட்டது. எப்படியோ சமாளித்துப் பத்திரிகைகளைக் கொடுத்து முடித்த பிறகு, ரிப்பேர் பார்க்கும் மெர்வினுக்குப் போன் போட்டாள்.

"இப்படியே போனா என் பொழப்பு என்னத்துக்கு ஆகும் மெர்வின்? வேற வழி இல்லையா?"

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கக்கா. வைரஸ் தொல்லை இருக்காது."

"என் தமிழ் எழுத்தெல்லாம் விண்டோஸ்லதானே ஓடுது. அத விட்டுட்டு எப்படி?"

"அத ஏன் விடுறீங்க? ரெண்டையும் வச்சுக்கோங்க. இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டி, அதைப் பார்ட்டிஷன் பண்ணி, அதுல லினக்ஸ ஏத்திருங்க. கம்ப்யூட்டரைப் போட்டதும் 'இன்னைக்கு எதுல வேலை'ன்னு அதுவே கேட்கும். நீங்க ஒண்ணச் சொன்னா அது எந்திரிக்கும், இன்னொண்ணு தூங்கும்."

பார்ட்டிஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் ராஜகனி திரும்பி நடுச்சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மூடிப்போன ஒரு ஜெராக்ஸ் கடையின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மெர்வின் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். திரையில் அந்த டிஸ்க் நீளமான ஒரு பட்டையாகத் தெரிந்தது, நுனி முதல் அடி வரை சாம்பல் நிறம். மவுஸைப் பிடித்து இழுத்து அதில் பாதியை லினக்ஸுக்கு வெட்டிக் கொடுத்தாள், அந்தப் பாதி பச்சையானது. மிச்சத்தை விண்டோஸுக்குக் கொடுப்பதா, லினக்ஸுக்கே கொடுப்பதா என்று யோசித்தாள், அதற்குள் உலை பொங்கிவிட்டது, போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், திரும்பவும் யோசித்தாள், அப்புறம், இருக்கிற இடத்தையெல்லாம் உடனே யாருக்காவது எழுதிவைத்தே தீர வேண்டுமா என்ன என்று தோன்றவே, சாம்பல் நிறத்தைச் சாம்பல் நிறமாகவே விட்டுவிட்டுச் சரி என்று அழுத்தினாள்.

மறுநாள் காலையில் செண்பகவடிவின் வீட்டுக்கும் ராஜகனியின் வீட்டுக்கும் நடுவில் இடம் இருந்தது.

ஒரு சுவர் இரண்டு சுவராகியிருந்தது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு பந்தி எதிரெதிராக இலை போட்டுச் சாப்பிடும் அகலத்துக்கு, பின்பக்கம் சாக்கடை ஓடும் வாறுகால் வரைக்கும் நீளமாக, தரை கிடந்தது. அதற்காக யார் வீடும் சுருங்கவில்லை, சந்தும் நீளவில்லை, கோடிவீட்டுக்காரர்கள் கோடியிலேயே இருந்தார்கள், டீக்கடைக்கு முன்பு எத்தனை எட்டு வைக்க வேண்டுமோ அத்தனை எட்டுதான். தரை சாம்பல் நிறம், மண்ணும் இல்லை சிமென்டும் இல்லை, தொட்டால் ஆறின சோறு மாதிரி இதமாக இருந்தது. மேலே அந்த அகலத்துக்கு மட்டும் வானமும் சாம்பல் நிறம். வெயிலுக்குப் பேர்போன அந்த ஊரில் அந்த இடத்தில் மட்டும் வெயில் இறங்கவில்லை, மழைக்கு முந்தின சாயங்காலம் போல ஒரு வெளிச்சம் எப்போதும் நின்றது, அதில் நின்றவர்களுக்கு நிழல் விழவில்லை.

ராஜகனிக்கு அந்த நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாசலில் வாளியோடு நின்றவள் உள்ளே போய்ப் புருஷனை எழுப்பினாள்.

"ஏங்க, நேத்து டிஸ்க்குல கொஞ்சம் இடம் விட்டேன். அது வெளியில வந்து கிடக்கு."

தவசிமணி எழுந்துபோய்ப் பார்த்தான், காலால் தட்டிப் பார்த்தான், திரும்பிவந்து பல்விளக்க உட்கார்ந்தான். "யார்ட்டயும் சொல்லாத. கேட்டா, தெரியாதுன்னு சொல்லு," என்றான்.

ஆனால் சந்தில் யாரும் எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. இடம் வந்திருக்கிறது, அது போதாதா? ஐயனார்தான் முதலில் ஆட்டோவை உள்ளே விட்டு, திருப்பி, முன்பக்கமாகவே சந்தைவிட்டு வெளியே ஓட்டிக்கொண்டு போனார், போகும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துச் சந்து மொத்தமும் சிரித்தது. மத்தியானத்துக்குள் அட்டைப்பெட்டி மடிக்கும் பெண்கள் கட்டுக்கட்டாக அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலே இல்லாத அந்த நிழலில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் கேரம்போர்டு வந்தது. அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, காலியாகக் கிடந்ததால் காலி என்றார்கள், 'காலிக்கு வா', 'காலியில இருக்கேன்', 'காலியில வச்சுப் பேசிக்கலாம்' என்று ஒரு வாரத்துக்குள் அது பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த இடம் மாதிரி ஆகிவிட்டது.

அதற்கென்று சில குணங்கள் இருந்தன, அவற்றையும் சந்து பொறுமையாகக் கற்றுக்கொண்டது. அங்கே வடகம் காயாது. அங்கே விட்டுவிட்டுப் போகும் எதுவும் விடிந்த பிறகு இருக்காது, அது எங்கிருந்து வந்ததோ அங்கே போய்விடும். கவுன்சிலர் ஒருநாள் வந்து தன் கட்சிக் கொடிக்கம்பத்தை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார், மறுநாள் அந்தக் கம்பம் மார்க்கெட் பக்கத்து இரும்புக்கடையில் மற்ற பைப்புகளோடு சாய்ந்து நின்றது. யாரோ செங்கல் அடுக்கி இடம் பிடிக்கப் பார்த்தார்கள், செங்கல் சூளைக்கே போய்விட்டது. சங்கிலி என்கிற லாரி புரோக்கர் கொஞ்சம் தண்ணி போட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார், விடிந்தபோது அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் கிடந்தார், நர்சுகள் திட்டி எழுப்பி பஸ் ஏற்றிவிட்டார்கள். "எங்கம்மா சொன்னது நெசந்தான்யா, நான் அங்கனதான் பொறந்திருக்கேன்," என்று வந்து எல்லோரிடமும் சொன்னார், அதுவரைக்கும் அவருக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது.

சர்வேயர் வந்தார். வெளியே அளந்தார், வரைபடத்தில் இருந்த அளவு அப்படியே இருந்தது. உள்ளே அளந்தார், கூடுதலாக இருந்தது. மறுபடியும் வெளியே அளந்தார். செண்பகவடிவு கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "நமக்கு வெளி அளவுதாம்மா கணக்கு," என்று அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியாகக் காலியில் ஒரு சீமந்தம் நடந்தது, ஒரு காதுகுத்து நடந்தது, கோடிவீட்டுப் பெரியவர் தவறியபோது அவரைச் சாய்க்காமல் கொள்ளாமல் நேராகக் கிடத்தி, உறவுக்காரர்கள் சுற்றிவர இடம்விட்டு, ஆற அமர அழுது அனுப்ப முடிந்தது. ராஜகனி ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டே எழுத்துக் கோத்தாள். தன்னால் வந்தது என்று வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் அவளுக்குள் நாள் முழுக்கச் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி முடிந்து ஆவணிப் பத்திரிகைகள் வரத் தொடங்கியபோது லினக்ஸ் இடம் போதவில்லை என்றது. கொஞ்சம் நீட்டிக் கொடுத்தால் என்ன என்று, பச்சைப் பட்டையின் ஓரத்தைப் பிடித்துச் சாம்பலுக்குள் ஒரு நூல் அளவு இழுத்துச் சரி என்று அழுத்தினாள்.

வெளியே பெண்கள் கூட்டமாகக் கத்தினார்கள். அட்டை மடித்துக்கொண்டிருந்தவர்களை நோக்கிச் சுவர் ஒரு சாண் நகர்ந்துவந்திருந்தது, ஓரத்தில் இருந்தவர்கள் நடுவில் இருந்தவர்கள் மடியில் விழுந்திருந்தார்கள். ராஜகனி பதறிப்போய் இழுத்ததைத் திரும்ப விட்டாள், சுவரும் திரும்பப் போனது. அப்போது ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் செண்பகவடிவின் முகம் வந்து நின்றது. அந்த முகம் ஒரு தரம் திரையைப் பார்த்தது, சாம்பல் நிறப் பட்டையைப் பார்த்தது, மவுஸ் மேல் இருந்த ராஜகனியின் கையைப் பார்த்தது.

"ஏய்! என்னத்தடி செஞ்ச?"

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். ராஜகனிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, "தெரியாம இழுத்துட்டேன்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து ராஜகனியின் கம்ப்யூட்டர் சந்தின் கம்ப்யூட்டர் ஆனது. கரண்ட் போய் அதற்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று யார் வீட்டிலிருந்தோ ஒரு இன்வெர்ட்டர் வந்து இறங்கியது. பென்டிரைவோடு வரும் வாடிக்கையாளரைச் சந்து முனையிலேயே நிறுத்தி, "சுத்தமா? வேற எங்கயாச்சும் சொருகுனதா?" என்று விசாரித்தார்கள். பெட்டி மடிக்கும் பெண்கள் போகிறபோது வருகிறபோது உள்ளே எட்டிப் பார்த்து, "ராஜகனி, பாத்துத்தா, பட்டையத் தொட்றாத," என்றார்கள். ஆளுக்கு ஒரு விண்ணப்பமும் வந்தது. ஐயனார் வாசல்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம் கேட்டார். கேரம் ஆடுகிறவர்கள் ஒரு விளக்கு கேட்டார்கள், அது தன்னால் ஆகாது என்று ராஜகனி சொன்னபோது நம்பாமல் போனார்கள். தங்கேஸ்வரன் டீக்கடையில் தம்பியைப் பிடித்து, பாதிச் சுவர் தன்னுடையது, அதனால் காலியில் பாதி தன்னுடையது என்றார், தவசிமணி, டிஸ்க் என் வீட்டில் இருக்கிறது, அதனால் முழுசும் என்னுடையது, அங்கே ஒரு பேப்பர் கட்டிங் மெஷின் போடப்போகிறேன் என்றான். அதுவரை டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் அன்றிலிருந்து பேசவில்லை.

அந்த வாரம்தான் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. கடக், என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் கடக். ஒவ்வொரு கடக்குக்கும் காலிக்கு விக்கல் வந்த மாதிரி ஒரு குலுக்கல். மெர்வின் வந்து டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டான்.

"பழசுல்லக்கா. போகப்போகுது. புது டிஸ்க் ஒண்ணு வாங்கி, இதுல உள்ளத அதுக்கு மாத்திரலாம்."

"காலியும் வந்துருமா?"

மெர்வின் தலையைச் சொறிந்தான். "காலியா கிடக்கிறத எப்படிக்கா காப்பி எடுக்க? பார்ட்டிஷன் போட்டு, ஃபார்மட் பண்ணி, அதை ஏதோ ஒண்ணா ஆக்கி வச்சிருந்தாத்தான் அது வரும். அப்படி ஆக்கிட்டா அது காலி இல்ல. யாருக்காவது எழுதிவச்ச இடமாயிரும். வச்சது வச்சபடி இருக்கும், சுவர் எழுப்புனா நிக்கும்."

அவன் போன பிறகு மத்தியானம் செண்பகவடிவு வந்தாள். சந்து வழியாக நடந்துவந்து, வாசலில் செருப்பை விட்டு, அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். உட்காரச் சொல்லலாம் என்று ராஜகனி எழுந்தாள், கட்டில் முழுக்கப் பத்திரிகை மாதிரிகள் காய்ந்துகொண்டிருந்தன, ஸ்டூலில் பிரிண்டர் இருந்தது, தன் நாற்காலியையே எடுத்துப் போட்டுவிட்டு நின்றாள்.

"நான் நின்னுக்கிறேன், நீ உக்காரு, வேலை செய்யிறவ," என்றாள் செண்பகவடிவு. இருவரும் நின்றார்கள்.

"ஜெகதீஷுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்கு. சாத்தூர்ப் பொண்ணு. அபிநயா."

"தெரியும்க்கா. பத்திரிகை எங்க அடிக்கீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உன்ட்டத்தான். வேற எங்க அடிக்க?" என்றாள் செண்பகவடிவு, அதில் என்ன சந்தேகம் என்பது போல. அப்புறம் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, "எங்க வீட்டுல ஒரு கதவு போட்டுச் சாத்துற ரூம் கிடையாது. உனக்குத்தான் தெரியுமே, சமையக்கட்டுக்கு அந்தாண்ட ஒரு ஹாலு, அம்புட்டுத்தான். அவன் திருப்பூர்ப் பக்கம் போயிருறேன்ங்கான். போனான்னா வரமாட்டான் ராஜகனி. எனக்கு ஒரு ரூமுக்கு இடம் குடு."

அடுத்துத் தன் வாயிலிருந்து வந்தது ராஜகனிக்கே புதிதாக இருந்தது. "எனக்கும் ஒண்ணு வேணும்க்கா."

"உனக்கா? கம்ப்யூட்டர் வைக்கவா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"சும்மா உக்கார."

செண்பகவடிவு அவளை உற்றுப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று ராஜகனி நினைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தான் உட்கார்ந்த இடமெல்லாம் யாருக்காவது வழி, எழுந்திரு, நகரு, கொஞ்சம் தள்ளு என்று யாராவது சொல்லாத ஒரு இடத்தில் தான் உட்கார்ந்ததே இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் தினம் மத்தியானம் காலியில போயி உக்காருறேன்ல," என்றாள் செண்பகவடிவு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எங்க வீட்டு ஆளு கேட்டா, வடகத்துக்குக் காவல்னு சொல்லுதேன்."

"அங்கதான் வடகம் காயாதே."

"அந்த மனுசனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள், நின்ற இடத்திலேயே, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பத்திரிகை மாதிரிகள் கீழே சரியும்வரை சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலியில் சந்து கூடியது. மெர்வின் சொன்னதை ராஜகனி எல்லோருக்கும் சொன்னாள். டிஸ்க் சாகப்போகிறது, அதோடு காலியும் போய்விடும், போகாமல் இருக்க வேண்டும் என்றால் அதை யாருக்காவது எழுதியாக வேண்டும், தான் அதை இரண்டாக வெட்டி ஒன்றை ஜெகதீஷுக்கும் ஒன்றைத் தனக்கும் எழுதப்போவதாகச் சொன்னாள். தங்கேஸ்வரன் தலையாட்டினார். தவசிமணி, "என்ட்ட ஒரு வார்த்தை கேட்கல," என்று முணுமுணுத்தான். அப்போது உள்ளே டிஸ்க் கடக் என்றது, எல்லோரும் ஒரு குலுங்கு குலுங்கினார்கள்.

ஐயனார் எழுந்தார். "அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்குன்னு எழுத அதுல வழியில்லண்ணே. எழுதாம விட்டா யாருக்குமே இல்லாம போயிரும்."

"போகட்டுமே தாயி," என்றார் ஐயனார், கோபமில்லாமல்தான் சொன்னார். "எல்லாருக்கும் இருந்துச்சு, இப்ப எல்லாருக்கும் இல்ல, அப்படின்னா மனசு ஆறிரும். எல்லாருக்கும் இருந்தது ரெண்டு பேருக்கு மட்டும் ஆச்சுன்னா, நான் தினம் ரிவர்ஸ் எடுக்கயில அந்தக் கதவப் பாத்துக்கிட்டே எடுக்கணுமே."

அவர் சொன்னது சரி என்று ராஜகனிக்குப் பட்டது, அப்படிப் பட்டும் தன் மனசு மாறவில்லை என்பதும் தெரிந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். பெட்டி மடிக்கும் பெண்களில் மூத்தவள்தான் கடைசியில் பேசினாள்: கல்யாணத்தை இங்கேயே வைக்கட்டும், மண்டபம் வேண்டாம், சந்து மொத்தமும் இங்கே உட்கார்ந்து ஒரு வயிறு சாப்பிடட்டும், கடைசிப் பந்தி எழுந்திரிக்கிறவரைக்கும் டிஸ்க்கைச் சாகாமல் ராஜகனி பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் அவள் இஷ்டம். ஐயனார் வேட்டியை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து வாழைமரமும் தோரணமும் மேளமும் சாத்தூர்ச் சொந்தங்களும் காலிக்குள் வந்து நிறைந்தார்கள். ராஜகனி பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மெர்வின் பெட்டியைத் திறந்துவைத்து டிஸ்க்குக்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டிருந்தான். கடக் என்றால் வெளியே பந்தல் ஒருமுறை விக்கும், மேளக்காரர் தவுலைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். சந்துக்காரர்கள் சாத்தூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அதனால் முதல் பந்தியிலேயே எல்லோரும் ஒவ்வொரு கடக்குக்கும் ரசம் சிந்தாமல் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள், ஒரு குலுக்கல் முடிந்ததும் பந்தி முழுக்க ஒரே நேரத்தில் கையை எடுத்துச் சோற்றில் வைப்பது பார்க்க அழகாக இருந்தது. தாலி கட்டியதை ராஜகனி பார்க்கவில்லை, கெட்டிமேளம்தான் கேட்டது, அவள் டிஸ்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இரு, இரு, இன்னும் கொஞ்ச நேரம்," என்று கைப்பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் செண்பகவடிவு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, மணவறையில் நிற்க வேண்டியவள், கையில் இலையோடு வந்து நின்றாள்.

"என்னக்கா, சம்பந்திமாரை விட்டுட்டு?"

"அவுங்க சாப்புடுறாங்க. நீ வாயத் தொற."

டிஸ்க்கின் மேல் இருந்த கையை ராஜகனியால் எடுக்க முடியவில்லை. செண்பகவடிவு கேசரியை எடுத்து அவள் வாயில் வைத்தாள், அப்புறம் சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கி வைத்தாள், ஃபேன் காற்றில் இரண்டு பேர் தலைப்பூவும் உதிர்ந்து கீபோர்டின் மேல் விழுந்தது.

கடைசிப் பந்தியில் ஐயனார் உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல், கூட்டு பொரியல் ஒவ்வொன்றையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, பாயசத்தை இலையில் ஊற்றி அப்பளத்தை நொறுக்கிப்போட்டு, வழித்து, இலையை மடித்து, எழுந்து நின்று காலியை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். பிறகு ஜன்னல்பக்கம் வந்து, "முடிஞ்சுதுத்தா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பந்தலைப் பிரித்தார்கள், பாத்திரங்களை எடுத்தார்கள், கடைசி நாற்காலியும் வெளியே போன பிறகு ராஜகனி பட்டையைத் திறந்தாள். பக்கத்தில் செண்பகவடிவு, பின்னால் தவசிமணி, வாசலை அடைத்துக்கொண்டு சந்து. சாம்பல் நிறத்தில் பெரும்பாதியை வெட்டினாள், அது யாருக்கு என்று பெயர் கேட்டது, ஜெகதீஷ் அபிநயா என்று அடித்தாள். மிச்சமிருந்ததை எடுத்தாள். அதற்கும் பெயர் கேட்டது.

கோடு ஒன்று மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் பேரின் பெயரை, அவர்களுடைய அப்பா தாத்தா பெயரோடும் ஊரோடும் படிப்போடும், தங்க எழுத்திலும் கறுப்புக் கட்டத்திலும் கோத்துக் கொடுத்தவள் கை அசையாமல் இருந்தாள்.

"என்ன யோசன?" என்றாள் செண்பகவடிவு. "உன் பேரப் போடு."

"இவ பேருலயா?" என்றான் தவசிமணி.

"அவ பேருலதான்," என்று செண்பகவடிவு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க சும்மா இருங்க கொழுந்தனாரே."

ராஜகனி என்று அடித்தாள். சரி என்று அழுத்தினாள். சாம்பல் நிறம் போய் இரண்டு நிறம் வந்தது. வெளியே ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது, அது காலியிலிருந்து வந்ததா, வாசலில் நின்ற சந்துக்காரர்களிடமிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது நடுவில் சுவர் எழும்பி இரண்டு அறையாகியிருந்தது, சாம்பல் வானத்தின் இடத்தில் கூரை வந்திருந்தது, கதவு வந்திருந்தது, தரை சாதாரணச் சிமென்ட் தரையாகியிருந்தது. மெர்வின் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றினான், மாற்றி முடிந்ததும் பழைய டிஸ்க் ஒருமுறை கடக் என்றுவிட்டு நின்றது. சந்துக்காரர்கள் கலைந்து போனார்கள், ஐயனார் ஆட்டோவைப் பின்பக்கமாக எடுத்தார், மெயின் ரோடு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அந்த வருத்தம் சந்தில் ரொம்ப நாள் இருந்தது, பெட்டி மடிக்கும் பெண்களில் ஒருத்தி இன்றைக்கும் ராஜகனியிடம் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதில்லை.

ராஜகனி தன் அறைக்குள் தனியாகப் போய் நின்றாள். சின்ன அறை. என்ன வைப்பது என்று தெரியவில்லை, கட்டிங் மெஷின் வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டாள், வேறு எதுவும் வைக்கவில்லை, உட்காரவும் இல்லை, முதலில் விடிந்த பிறகும் அது இருக்கிறதா பார்ப்போம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் உலையை வைத்துவிட்டு வந்து அறைக் கதவைத் திறந்தாள். நாற்காலி வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் செண்பகவடிவு காலை நீட்டி, கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்துச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, அது என் நாற்காலி."

"தெரியும்," என்றாள் செண்பகவடிவு, கண்ணைத் திறக்காமலே. "போயி இன்னொண்ணு எடுத்துட்டு வா."